வெளியில் கட்டி வளர்க்கும் நாய்: கயிற்றையும் கூரையையும் பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

நாயைக் கட்டியிருந்த இடத்தை, நாய் அங்கே இல்லாதபோதும் கண்டுபிடித்துவிடலாம். நடுவில் ஒரு முளையோ மரமோ இருக்கும். சங்கிலி எட்டுகிற தூரம் வரை புல் தேய்ந்து, மண் இறுகி, வட்டமாக ஒரு வெற்றுத் தரை உருவாகியிருக்கும். வட்டத்தின் விளிம்பில் மட்டும் மண் சற்று ஆழமாகப் பறிந்திருக்கும். நாய் அதிக நேரம் நின்றது அங்கேதான். புகாரின் பேரில் விசாரிக்க வரும் அதிகாரி, உரிமையாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன் அந்த வட்டத்தைப் பார்த்துவிடுவார். தண்ணீர்ப் பாத்திரம் வட்டத்துக்குள் இருக்கிறதா, நிழல் அதற்குள் விழுகிறதா, குடிலின் வாசல் அதற்குள் வருகிறதா, மலம் எங்கே கிடக்கிறது என்ற நான்கும் தெரிந்துவிட்டால், சட்டம் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

முதன்முறையாக ஒரு நாயை வீட்டுக்கு வெளியே வளர்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலமும் மாறுகின்றன. ஆயினும் அவற்றில் பலவற்றை அருகருகே வைத்துப் படித்தால், கயிற்றின் முனையில் நிற்கும் நாயால் எதையெல்லாம் எட்ட முடிகிறது, எவ்வளவு நேரம் அப்படி நிற்கிறது என்ற இரண்டையே அவை வெவ்வேறு சொற்களில் அளக்கின்றன என்பது புலப்படும்.

உங்களுக்குரிய சட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

நாயைக் கட்டுவது குறித்த சட்டங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. முதல் வகை, அளவு எதையும் குறிப்பிடாமல் நியாயம் என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்கும் சட்டம். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ ஒரு விலங்கை நியாயமற்ற நேரத்துக்குக் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதையும், போதிய உணவும் நீரும் ஒதுங்கிடமும் தராமல் விடுவதையும் தனித்தனிக் குற்றங்களாகவே சொல்கிறது. எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்பது அதில் இல்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் இப்படித்தான்: விலங்கின் தேவைகளை நிறைவேற்றும் கடமையை வளர்ப்பவர்மீது சுமத்துகிறது, கயிற்றின் நீளத்தைச் சொல்வதில்லை.

இரண்டாவது வகை, எண்களில் பேசும் சட்டம். அமெரிக்காவின் பல மாநிலங்களும் சுவிட்சர்லாந்தும் இந்த வழியில் செல்கின்றன. மூன்றாவது வகை, கட்டுவதையே அடியோடு தடுக்கும் சட்டம். நாய்களை எக்காரணம் கொண்டும், தற்காலிகமாகக்கூட, சங்கிலியிலோ வேறு எவ்வகையிலோ கட்டி வளர்க்கக் கூடாது என்று ஆஸ்திரியாவின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஜெர்மனி நீண்ட காலம் நிபந்தனைகளோடு அனுமதித்து வந்து, 2022 ஜனவரி முதல், வேலை நாய்களுக்கான குறுகிய விலக்கைத் தவிர, கட்டி வளர்ப்பதைத் தடை செய்துவிட்டது.

நாட்டின் சட்டத்தைப் படித்ததோடு வேலை முடிந்துவிடாது. மாநில விதிகள், அவற்றுக்குக் கீழே நகராட்சி அல்லது உள்ளாட்சி அமைப்பின் விதிகள், வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனைகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மேலே உள்ள சட்டம் தளர்வாக இருந்தாலும் கீழே உள்ள விதி இறுக்கமாக இருக்கலாம். அப்போது இறுக்கமானதையே பின்பற்றுவது பாதுகாப்பு. உரிமையாளர் யார் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தின்படி, உரிமையாளரின் சம்மதத்தோடோ சம்மதமின்றியோ அந்த நேரத்தில் விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். ஊருக்குப் போன நண்பரின் நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர், நாய் என்னுடையதல்ல என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நியாயமான அளவு என்று மட்டும் சொல்லும் சட்டத்தின் கீழ் வாழ்கிறவர்களுக்கு என் பரிந்துரை ஒன்று உண்டு: எண்களில் பேசும் சட்டங்களுள் கடுமையானதை எடுத்துக்கொண்டு, அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை எவரேனும் கேள்வி எழுப்பினால், இன்ன கணக்கின்படி செய்தேன் என்று சொல்ல முடிகிறவரின் நிலை, மனத்துக்கு நியாயமாகப் பட்டது என்று சொல்கிறவரின் நிலையைவிட வலுவானது.

நாயை அளந்துகொள்ளுங்கள்

கயிறு வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எழுதி வைக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளம், தரையிலிருந்து தோள்பட்டை வரையிலான உயரம், உடல் எடை ஆகியவையே அவை. வாலின் நீளத்தைச் சேர்க்கக் கூடாது. இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவைப்படும். ஒருவர் நாயை நிற்க வைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளவு நாடாவை முதுகோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் 2022 ஜனவரி 18 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கட்டும் கயிறு நாயின் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10 அடி, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குக் குறையக் கூடாது. பென்சில்வேனியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மடங்கு அல்லது 10 அடி என்கிறது. 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். ஐந்து மடங்கு என்றால் 4 மீட்டர். 10 அடி என்பது ஏறத்தாழ 3.05 மீட்டர். ஆகவே டெக்சாஸ் கணக்கில் 4 மீட்டர் கயிறு வேண்டும். பென்சில்வேனியா கணக்கில் மூன்று மடங்கு 2.4 மீட்டர்தான் என்பதால், அங்கே 10 அடிக் கயிறு போதும்.

எடைக்கும் கணக்கு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சங்கிலியின் எடை நாயின் உடல் எடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 24 கிலோ எடையுள்ள நாய்க்கு 3 கிலோதான் உச்சவரம்பு. கடையில் உருட்டுச் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது அவ்வளவு கனமாகத் தோன்றாது. ஆனால் நாய் அதைக் கையில் தூக்குவதில்லை, நாள் முழுதும் கழுத்தில் தொங்கவிட்டு இழுக்கிறது. டெக்சாஸ் ஒருபடி மேலே போய், வெளியில் கட்டுவதற்குச் சங்கிலியையே தடுத்துவிட்டது; எடை கட்டிய கயிற்றுக்கும் அங்கே இடமில்லை. வலுவான, உறை போட்ட கம்பி வடமோ பட்டை நாடாவோ அந்த வேலையைச் செய்துவிடும். நாய் கடித்து அறுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் கம்பி வடத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

கழுத்தில் போடுவதற்கு அகலமான, உடலுக்குப் பொருந்திய பட்டையோ மார்புப்பட்டையோதான் வேண்டும். இழுத்தால் இறுகுகிற பட்டை, உட்புறம் முள் வைத்த பட்டை ஆகியவற்றைக் கலிஃபோர்னியா, பென்சில்வேனியா உட்படப் பல இடங்களின் சட்டங்கள் கட்டும் வேலைக்கு ஏற்பதில்லை. சங்கிலியை நேரடியாகக் கழுத்தில் சுற்றுவது எங்கும் ஏற்கப்படும் வழக்கமல்ல. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வளர்கிற குட்டிக்கு வாரந்தோறும் இதைப் பார்ப்பது கட்டாயம். நான்கு மாதத்தில் போட்ட பட்டையை எட்டு மாதத்திலும் தளர்த்தாமல் விட்டதால், தோல் அதைச் சுற்றி வளர்ந்து, அறுவை செய்து எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். முடி அடர்ந்த இனங்களில் கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டும் இடம்

நான் முதன்முதலாக ஒரு நாயை வெளியில் கட்டியபோது, நல்ல நிழலாக இருக்கிறதே என்று ஒரு மரத்தில் கட்டினேன். கயிறு நீளமானதுதான், தண்ணீரும் நிறைய வைத்திருந்தேன். மாலையில் திரும்பி வந்தபோது, நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு முழுவதையும் அதில் சுருட்டிவிட்டு, தலையைத் திருப்ப முடியாமல் தண்டோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்ப் பாத்திரம் ஒரு சாண் தள்ளி, காலையில் நிரப்பியபடியே இருந்தது.

இதில் நடந்தது எளிய கணக்கு. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் கயிறு போய்விடும். நான்கு சுற்றில் 4 மீட்டர் கயிறு தீர்ந்துவிடும். கயிற்றின் நீளத்தைச் சட்டப்படி வைத்தும் நான் சட்டத்தின் நோக்கத்தை மீறியிருந்தேன். பென்சில்வேனியா போன்ற இடங்களில் கட்டும் இடத்தில் சுழல் கொக்கி இருக்க வேண்டும் என்று சட்டமே வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். தரையில் இறக்கிய முளையின் தலையில் முழுதாகச் சுழலும் கொக்கி ஒன்றும், பட்டையோடு சேரும் முனையில் இன்னொன்றும் வைத்தால் கயிறு முறுக்கிக்கொள்ளாது.

அதைவிட நல்ல ஏற்பாடு ஓடுகம்பி. இரண்டு தூண்களுக்கிடையே தலைக்கு மேலே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் கப்பியிலிருந்து கயிற்றைத் தொங்கவிடுவார்கள். நாய் நீளவாக்கில் போய்வர முடியும். கலிஃபோர்னியா, நிலையான பொருளில் கட்டுவதை 24 மணி நேரத்தில் 3 மணி நேரத்துக்குமேல் அனுமதிப்பதில்லை; ஓடுகம்பியை மட்டும் விலக்காக ஏற்கிறது. சுவிட்சர்லாந்திலும், கட்டி வளர்க்கும் நாய்க்குப் பகலில் குறைந்தது 5 மணி நேரம் கட்டில்லாத நடமாட்டம் வேண்டும் என்றும், எஞ்சிய நேரத்தில் ஓடுசங்கிலியில் குறைந்தது 20 சதுர மீட்டர் பரப்பு கிடைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இந்த 20 சதுர மீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு, பலரும் கட்டும் ஒன்றரை மீட்டர்ச் சங்கிலியைப் பாருங்கள்: அதன் வட்டம் முழுதாகவே 7 சதுர மீட்டர்தான். சுவரோரம் கட்டினால் அதிலும் பாதி போய்விடும்.

இடத்தைத் தேர்ந்ததும் முளையில் கயிற்றைக் கட்டி, நாயின் இடத்தில் நீங்களே கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு முழு வட்டமும் நடந்து பாருங்கள். வேலி, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, திறந்த கிணறு, வண்டி நிறுத்துமிடம் ஆகிய எதுவும் வட்டத்துக்குள்ளோ விளிம்பிலோ வரக் கூடாது. குறிப்பாக வேலி. கயிறு வேலியைத் தாண்டும் அளவுக்கு நீளமாகவும், மறுபுறம் தரையைத் தொட முடியாத அளவுக்குக் குட்டையாகவும் இருந்துவிட்டால், தாவிய நாய் தூக்கில் தொங்கும். இரண்டு நாய்களைக் கட்டும்போது வட்டங்கள் ஒன்றை ஒன்று தொடவே கூடாது.

தெருவைப் பார்த்தபடி, ஆள் நடமாட்டத்துக்கு நடுவே கட்டுவதும் நல்லதல்ல. கட்டுண்ட நாய்க்கு விலகிப் போகும் வழி இல்லாததால், அச்சம் வந்தால் அது முன்னே பாய்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றத்தில் சங்கிலியால் கட்டப்பட்டவை கடித்த நாய்களின் வரிசையில் இருப்பதற்கான வாய்ப்பு 2.8 மடங்காக இருந்தது. சிறு குழந்தை தானாக நடந்து வந்து நுழையக்கூடிய இடத்தில் அந்த வட்டம் அமையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இந்தியாவில் விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எவ்வளவு நேரம்?

கட்டியிருக்கும் நேரம் குறித்த எண்கள் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகின்றன. கலிஃபோர்னியாவின் 3 மணி நேரத்தைப் பார்த்தோம். மாசசூசெட்ஸில் 5 மணி நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை, ஆள் உடனிருந்து 15 நிமிடத்துக்கு மிகாமல் கட்டுவதைத் தவிர, அறவே கூடாது. பென்சில்வேனியாவில் 9 மணி நேரம், நெவாடாவில் 14 மணி நேரம். 14 மணி நேரம் என்பது, வேலைக்குப் போய்வருகிறவரின் வசதிக்காக வைத்த எண்ணே தவிர நாயின் தேவையைப் பார்த்து வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கட்டும் நேரமும் அவிழ்க்கும் நேரமும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதப்பட்டால், தொடக்க வாரங்களிலேயே நம் வழக்கம் நமக்குத் தெரிந்துவிடும். அரை மணி நேரம் என்று நினைத்துக் கட்டிய கட்டு எத்தனை முறை மூன்று மணி நேரமாக நீண்டிருக்கிறது என்பதை அந்த ஏடு காட்டிக்கொடுக்கும்.

வானிலை மாறினால் இந்த எண்களும் மாறும். பென்சில்வேனியாவில் வெப்பநிலை 90 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு மேலோ 32 பாகைக்குக் கீழோ, அதாவது சுமார் 32 பாகை செல்சியஸுக்கு மேலோ 0 பாகைக்குக் கீழோ போனால், 30 நிமிடத்துக்குமேல் நாயை வெளியில் கட்டி வைக்கக் கூடாது. நாய் உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அந்த வழி சரிவர வேலை செய்யாது. ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் நம்பாமல் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகலானது என்பதால், அவற்றை வெயிலில் கட்டும் பேச்சே வேண்டாம்.

புயலும் வெள்ளமும் வரும்போது கட்டு மரணமாகிவிடும். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி ஃபுளோரிடாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, டாம்பா நகருக்கு அருகே நெடுஞ்சாலையோர வேலியில் கட்டிவிடப்பட்டு, மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்த ஒரு நாயை நெடுஞ்சாலைக் காவலர் மீட்டார். மறு ஆண்டே அந்த மாநிலம், இயற்கைப் பேரிடரின்போது நாயை வெளியில் கட்டிவிட்டுப் போவதை 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எச்சரிக்கை வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது கட்டை அவிழ்ப்பதே. உடன் அழைத்துச் செல்வதற்கான வாரும் தடுப்பூசிச் சான்றிதழும் எப்போதும் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

கூரை, தரை, நிழல்

குடில் கட்டுவதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த நாயை வெளியில் வளர்க்கலாமா என்பது. அமெரிக்க வேளாண்மைத் துறை, உரிமம் பெற்ற நாய் வணிகர்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் வகுத்துள்ள விதிகளில், அவ்விடத்து வெப்பநிலைக்குப் பழகாத நாய்கள், அந்தத் தட்பவெப்பத்தைத் தாங்க முடியாத இனங்கள், நோயுற்றவை, தளர்ந்தவை, முதிர்ந்தவை, குட்டிகள் ஆகியவற்றை வெளியில் வைப்பதற்குத் தடை இருக்கிறது. அந்த விதிகள் வீட்டில் வளர்ப்பவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், வணிகருக்கே தடுக்கப்பட்ட ஒன்றை வீட்டில் செய்வதற்கு நியாயம் சொல்வது கடினம்.

அதே விதிகள் குடிலைப் பற்றிச் சொல்வனவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாயும் இயல்பாக உட்காரவும் நிற்கவும் படுக்கவும் தடையின்றித் திரும்பவும் இடம் வேண்டும். வாசலில் காற்றையும் மழையையும் தடுக்கும் மறைப்பு வேண்டும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சுத்தமான, உலர்ந்த படுக்கை கட்டாயம், 1.7 பாகையை எட்டினால் கூடுதல் படுக்கை. உலோகப் பீப்பாய், பழைய கார், பழைய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைக் குடிலாகப் பயன்படுத்தக் கூடாது என்பதை அந்த விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்படி எழுத வேண்டிய தேவை எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உலோகம் வெயிலில் அடுப்பாகவும் பனியில் ஐஸ் பெட்டியாகவும் மாறிவிடும்.

பெரிய குடில் கட்டினால் நாய் வசதியாக இருக்கும் என்று நினைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. குளிர்ப் பகுதியில் இது நேர்மாறாக முடியும். குடிலுக்குள் வேறு சூடு இல்லாவிட்டால், நாய் தன் உடல் வெப்பத்தாலேயே உட்புறத்தைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் அளவில் அது இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய ஒழுங்குவிதி சொல்கிறது. நாய் படுத்துத் திரும்புவதற்கு வேண்டியதைவிடச் சற்றே அதிகமான இடம் போதும். தரையை மண்ணோடு ஒட்டாமல் செங்கல் உயரத்துக்குத் தூக்கி, கூரையைப் பின்பக்கம் சாய்த்து, வாசலை அடைமழை வீசும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்தால், பாதி வேலை முடிந்தது. படுக்கைக்குப் பழைய போர்வையைவிட வைக்கோல் மேல். போர்வை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், வைக்கோலை வெளியே எடுத்து மாற்றிவிடலாம். மழை நாளில் உள்ளே கையை விட்டுப் பார்க்கும்போது விரலில் ஈரம் பட்டால், அந்தக் குடில் ஒதுங்கிடமாகாது. குடிலைச் சுற்றித் தண்ணீர் தேங்கினாலும் அதே கதைதான். தேங்கும் நீரிலிருந்து நாய் விலகி நிற்க வழியிருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டத்தில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

வெப்பப் பகுதியில் சிக்கல் வேறு. மூன்று பக்கமும் அடைத்த பெட்டிக்குள் நண்பகலில் நாய் நுழையாது. நுழைந்தால் இன்னும் ஆபத்து. ஆகவே குடில் வேறு, நிழல் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குடிலுக்குப் புறம்பாக, அங்குள்ள எல்லா நாய்களும் ஒரே நேரத்தில் படுக்கும் அளவுக்குத் தனி நிழற்பகுதி வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை விதி கேட்கிறது. குடிலுக்கு வெளியே நிழலான, குளிர் ஏறாத தரையுடைய படுக்கையிடம் வேண்டும் என்று ஜெர்மனி கேட்கிறது. கடல் கடந்த இரு விதிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. நிழல் நகரும் என்பதை மறக்க வேண்டாம். காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று நேரங்களில் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் தரையில் குறித்துப் பாருங்கள். மூன்று கோடுகளும் கயிற்றின் வட்டத்துக்குள் விழாவிட்டால், முளையை நகர்த்துங்கள் அல்லது மேலே ஒரு நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் அடி அகலமாகவோ கனமாகவோ இருக்க வேண்டும். கயிறு உரசியதும் கவிழ்ந்துவிடும் அலுமினியக் கிண்ணம் பயனில்லை. அதையும் நிழலில் வையுங்கள். மலத்தை நாள்தோறும் அள்ளுவது நல்ல பழக்கம் என்பதற்கும் அப்பால், கழிவு மிகுதியாகச் சேர விடுவது பென்சில்வேனியா போன்ற இடங்களில் சட்டமீறலாகவே எண்ணப்படும்.

கட்டாமல் வளர்க்கும் வழி

இடமும் பணமும் இருந்தால் கயிற்றை விட்டுவிட்டு வேலியடைத்த கூண்டுக்குப் போவதே நல்லது. இதற்கு ஜெர்மானிய அளவுகளைப் போல் தெளிவானவற்றை நான் பார்த்ததில்லை. தோள்பட்டை உயரம் 50 சென்டிமீட்டர் வரை உள்ள நாய்க்குக் குறைந்தது 6 சதுர மீட்டர், 65 சென்டிமீட்டர் வரை 8, அதற்கு மேல் 10. எந்தப் பக்கமும் நாயின் உடல் நீளத்தில் இரு மடங்குக்கோ 2 மீட்டருக்கோ குறையக் கூடாது. பின்னங்காலில் எழுந்து நிற்கும் நாயின் முன்னங்கால் வேலியின் மேல் விளிம்பை எட்டக் கூடாது. இவை குறைந்தபட்ச அளவுகள் என்பதையும், கூண்டுக்கு வெளியே நடமாட்டமும் மனிதரோடு பழகும் நேரமும் தனியே தர வேண்டும் என்பதையும் சேர்த்தே அந்த விதி சொல்கிறது. கூண்டுக்குள் மீண்டும் கயிற்றில் கட்டுவது இரட்டைச் சிறை.

புகார் வந்தால், புகார் கொடுக்க வேண்டியிருந்தால்

உங்கள்மீது புகார் என்று அதிகாரி வந்தால் வாக்குவாதம் செய்யாமல், அளவுகளை எழுதிய தாளையும் நேரக் குறிப்பேட்டையும் தடுப்பூசிச் சான்றிதழையும் காட்டுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆய்வாளர் முதலில் திருத்த அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லலாம். சொன்னபடி செய்துவிட்டால், அறிவிப்பில் கண்ட குறைக்காக வழக்கு வராது. டெக்சாஸில் முன்பு 24 மணி நேர எச்சரிக்கைக்குப் பிறகே நடவடிக்கை எடுக்க முடியும் என்றிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த அவகாசத்தை நீக்கிவிட்டது. இந்தியச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அதைப் படித்துச் சிரிப்பவர்கள், அதே சட்டத்தின் 29ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். விலங்கை மீண்டும் கொடுமைக்கு உள்ளாக்குவார் என்று நீதிமன்றம் கருதினால், தண்டிக்கப்பட்டவரிடமிருந்து அந்த விலங்கின் உரிமையையே பறிக்க முடியும்.

பக்கத்து வீட்டு நாய் வெயிலில் கட்டுண்டு கிடப்பதைப் பார்க்கும் நிலை உங்களுக்கு வரலாம். சுவரேறிக் குதித்துக் கயிற்றை அறுத்துவிடத் தோன்றும்; அது அத்துமீறலாகவும் திருட்டாகவும் உங்கள்மீதே திரும்பக்கூடும், அவிழ்த்துவிட்ட நாய் சாலையில் அடிபடவும் கூடும். முதலில் உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்; நிழல்வலையோ நீளமான கயிறோ வாங்கிக் கொடுக்க முன்வந்தால் பல இடங்களில் அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால், உங்கள் இடத்தில் நின்றபடியே, வெவ்வேறு நாட்களில், ஒரே கோணத்தில், நேரம் பதிவாகும்படி படம் எடுங்கள். ஒரு நாள் எடுத்த பத்துப் படங்களைவிட, பத்து நாட்களில் எடுத்த பத்துப் படங்கள்தான் நியாயமற்ற நேரம் என்பதை நிறுவும். இந்தியாவில் இந்த வகைக் குற்றத்தில் காவல்துறை தானாகவே கைது செய்துவிட முடியாது, நீதித்துறை நடுவரின் அனுமதி தேவைப்படும். அதனால் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குவது முக்கியம். குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும் என்று 36ஆம் பிரிவு வரையறுத்திருப்பதால், கோடையில் எடுத்த படங்களை மழைக்காலம் வரை வைத்திருக்காதீர்கள்.